லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் பதில் பேசும் டயலாக் பெட்டி: பத்திர மேசையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

தக்கலைப் பக்கம் ஒரு பத்திர எழுத்தரின் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப அடித்துச் சலித்துப்போய், லிப்ரே ஆபிஸின் ரைட்டரில் (கடிதம், பத்திரம் அடிக்கும் மென்பொருள்) ஒரு மேக்ரோ, அதாவது வேலையைத் தானே செய்யும் சின்ன நிரல், எழுதி வைத்தேன். விற்பவர் பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன, எத்தனை சென்ட், மூலப்பத்திரம் எந்த ஆண்டு என்று அது வரிசையாகக் கேட்கும். பதினாறு கேள்விக்குப் பதினாறு பெட்டி. எல்லாம் இன்புட்பாக்ஸ், ஒரு கேள்வி கேட்டு ஒரு பதில் வாங்கும் பெட்டி. எட்டாவது பெட்டியில் தப்பு என்று பதினொன்றாவதில் ஞாபகம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது ஒரு மூலப்பத்திரத்தால். திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம், கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) 1108 கன்னி மாதம் எழுதியது. கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு என்று மனப்பாடமாக இருந்ததால் 1933 என்று பெட்டியில் அடித்தேன். பெட்டி வாயே திறக்காமல் வாங்கிக்கொண்டது. கன்னி என்றால் செப்டம்பர், அக்டோபர். அதற்குக் கூட்ட வேண்டியது 824, ஆக 1932. பதிவுக்குப் போன இடத்தில் அது பிடிபட்டுத் திரும்பி வந்தது. பத்திரத்துக்காரப் பாட்டா (எங்கள் பக்கம் தாத்தா) மறுபடி பஸ் பிடித்து வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "மக்களே, எங்க அப்பன் வாங்குன வருஷத்த நீ மாத்திட்டியே" என்றார். கோபம்கூட இல்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. படிவம் கடைசியில் ஓகே அழுத்தியபிறகு பேசினால் பிரயோஜனம் இல்லை. எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே, அந்தக் கட்டத்தை நிரப்பும்போதே பேச வேண்டும். ரைட்டரில் அப்படி ஒரு டயலாக் பெட்டி செய்வது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வேலை பத்திரமாக இல்லாமல் ஆஸ்பத்திரிச் சீட்டாகவோ சங்க ரசீதாகவோ இருந்தாலும் முறை இதுதான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்தில் ஒலி மாற்றி எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். கட்டளைக்கு நடுவில் 'புள்ளி' என்று வந்தால் அங்கே . குறி.

முதலில் பத்திரத்தைத் தயார் செய்யுங்கள்

பெட்டியைச் செய்வதற்கு முன்னால், அதில் வரும் விவரம் பத்திரத்தில் எங்கே போய் உட்கார வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். புக்மார்க் (பத்திரத்தில் ஓர் இடத்துக்கு இடும் அடையாளம்) வைத்து அந்த இடத்தில் எழுதுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் விற்பவர் பெயர் ஒரு கிரயப் பத்திரத்தில் ஏழெட்டு இடத்தில் வரும். அத்தனை புக்மார்க்கை யார் மேய்ப்பது? யூசர் ஃபீல்டு, அதாவது நாம் பெயர் வைத்துப் பல இடத்தில் செருகும் ஒரு மதிப்பு, வைத்துக்கொண்டால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், எல்லா இடத்திலும் மாறிவிடும்.

கன்ட்ரோலோடு எஃப்2 அழுத்தினால் ஃபீல்ட்ஸ் ஜன்னல் திறக்கும். அதில் வேரியபிள்ஸ் பக்கம், அதில் யூசர் ஃபீல்டு. ஒரு பெயர் கொடுங்கள், வடிவத்தை டெக்ஸ்ட் என்று வையுங்கள், மதிப்பில் ஒரு கோடோ புள்ளியோ போட்டு இன்சர்ட் கொடுங்கள். எண் என்று விட்டுவிட்டால் பெயர் வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்து நிற்கும். பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இதே ஃபீல்டைச் செருகுங்கள்.

பிறகு மேக்ரோ பாதுகாப்பு. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, மேக்ரோ செக்யூரிட்டி. இயல்பாக ஹை என்று இருக்கும். மீடியம் ஆக்கினால், மேக்ரோ உள்ள கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கேட்டுவிட்டுத் திறக்கும். லோ வேண்டாம். பென்டிரைவ் கை மாறுகிற கடையில் அது கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவது மாதிரி.

பெட்டியை வரைதல்

டூல்ஸ், மேக்ரோஸ், ஆர்கனைஸ் டயலாக்ஸ். உங்கள் கோப்பின் பெயருக்குக் கீழே ஸ்டாண்டர்டு என்று ஒரு நூலகம் இருக்கும். அதைத் தேர்ந்து நியூ கொடுத்து, டயலாகுக்குப் பெயர் வைத்து எடிட் அழுத்தினால் வெற்றுப் பெட்டி ஒன்று வரும். கருவிப்பட்டையிலிருந்து லேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ், லிஸ்ட் பாக்ஸ், பட்டன் எல்லாவற்றையும் இழுத்துப் போடலாம். இதை விளக்க ஒன்றும் இல்லை, பத்து நிமிஷத்தில் கை பழகிவிடும்.

கவனிக்க வேண்டியது பெயர். ஒவ்வொரு உறுப்பையும் இரண்டு முறை கிளிக் செய்தால் ப்ராப்பர்டீஸ் ஜன்னல் வரும். அதில் நேம் என்ற இடத்தில் டெக்ஸ்ட்ஃபீல்டு1, டெக்ஸ்ட்ஃபீல்டு2 என்று அதுவாகப் போட்டிருக்கும். உடனே மாற்றிவிடுங்கள். மேக்ரோ எழுதும் பேசிக் மொழி பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. ஆனால் உறுப்பின் பெயரை மேற்கோள்குறிக்குள் கொடுத்துக் கூப்பிடும்போது பார்க்கும். ஓர் எழுத்து பிசகினாலும் "ஆப்ஜெக்ட் வேரியபிள் நாட் செட்" என்று ஒரு பிழை வரும். நான் பார்த்த அந்தப் பிழைகளில் முக்கால்வாசி, பெயரைத் தப்பாக அடித்ததால் வந்ததுதான்.

ஓகே பட்டனின் ப்ராப்பர்டீஸில் பட்டன் டைப் ஓகே என்றும், ரத்து பட்டனுக்குக் கேன்சல் என்றும் வையுங்கள். அப்போது அவை பெட்டியை மூடும் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும், மேக்ரோ எழுத வேண்டாம்.

திறக்கும் மேக்ரோ

சப் என்பது மேக்ரோவில் ஒரு வேலையைச் செய்யும் துண்டு. மேக்ரோ ஜன்னலில் எல்லா சப்களுக்கும் மேலே, வெளியே, டயலாகுக்கு ஒரு மாறியை (ஒரு மதிப்பைப் பிடித்து வைக்கும் பெயர்) டிம் என்ற கட்டளை போட்டு அறிவியுங்கள். இது முக்கியம். சப்புக்குள்ளே அறிவித்தால், பிறகு கட்டங்கள் கூப்பிடும் மற்ற சப்களுக்கு அந்தப் பெட்டி எது என்று தெரியாது.

திறக்கும் சப்பில் நாலு வேலை. டயலாக்லைப்ரரீஸ் புள்ளி லோட்லைப்ரரி என்று ஸ்டாண்டர்டு நூலகத்தை ஏற்றுவது முதல் வேலை. கிரியேட்யூனோடயலாக் கொண்டு பெட்டியை உருவாக்கி மேலே சொன்ன மாறியில் வைப்பது அடுத்தது. பிறகு அதன் எக்ஸிக்யூட்டைக் கூப்பிட வேண்டும். பெட்டி திறந்து, மூடும்வரை மேக்ரோ அங்கேயே காத்து நிற்கும். ஓகே என்றால் 1 கிடைக்கும், ரத்து என்றால் 0. வந்தது 1 என்றால் மதிப்புகளைப் பத்திரத்தில் எழுதி, கடைசியாக டிஸ்போஸ் கொடுத்து நினைவகத்தை விடுவிப்பது நாலாவது.

இதுவரை செய்தால் பதினாறு பெட்டி ஒரே பெட்டியாகிவிடும். நிறைய பேர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பெட்டி இன்னும் ஊமைதான்.

முதல் பேச்சு: கொல்லம் ஆண்டு

ப்ராப்பர்டீஸ் ஜன்னலில் ஜெனரலுக்குப் பக்கத்தில் ஈவென்ட்ஸ் (நிகழ்வுகள்) என்று இன்னொரு பக்கம் உண்டு. பெட்டியைப் பேச வைப்பது முழுக்க அந்தப் பக்கம்தான். டெக்ஸ்ட் பாக்ஸுக்கு டெக்ஸ்ட் மாடிஃபைடு, லிஸ்ட் பாக்ஸுக்கு ஐட்டம் ஸ்டேட்டஸ் சேஞ்சுடு, பட்டனுக்கு எக்ஸிக்யூட் ஆக்ஷன். இந்த மூன்றே போதும். எதிரே உள்ள மூன்று புள்ளி (...) பட்டனை அழுத்தி உங்கள் சப்பைத் தேர்ந்தெடுத்தால் இணைந்துவிடும்.

என் பெட்டியில் மூலப்பத்திர வரிசை இப்படி இருக்கிறது: மாதத்துக்கு ஒரு லிஸ்ட் பாக்ஸ், ஆண்டுக்கு ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ், பக்கத்தில் ஒரு காலி லேபிள். லிஸ்ட் பாக்ஸில் சிங்ஙம் தொடங்கிக் கர்க்கடகம் வரை பன்னிரண்டு மாதமும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ் மாதமும் உண்டு. சில பத்திரத்தில் கன்னி என்றிருக்கும், சிலதில் புரட்டாசி என்றிருக்கும்.

கொல்லம் ஆண்டு சிங்ஙத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆகவே டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரியிலிருந்து 825. தனு மாதம் டிசம்பரிலும் ஜனவரியிலும் கால் வைத்திருப்பதால் அது ஒன்றுதான் சிக்கல். மாதத்தையும் ஆண்டையும் ஒரே சப்பில் இணைத்துவிட்டேன். எது மாறினாலும் அது ஓடும். அதன் போக்கு:

மாதம் தேர்வாகவில்லை, அதாவது கெட்செலெக்டெட்ஐட்டம்பாஸ் −1 என்றால்: லேபிளைக் காலியாக்கி வெளியேறு.
ஆண்டை வால் என்ற கட்டளை கொண்டு எண்ணாக்கு. 1000-க்குக் கீழே என்றால்: இன்னும் அடித்து முடிக்கவில்லை, வெளியேறு.
மாத எண் 4-க்குக் கீழே என்றால்: ஆண்டு + 824.
4-க்கு மேலே என்றால்: ஆண்டு + 825.
சரியாக 4, அதாவது தனு என்றால்: இரண்டையும் காட்டி, "தேதியைப் பார்க்கவும்" என்று சொல்.

எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் சிங்ஙம் 0, தனு 4. லேபிளில் எழுத, பெட்டியின் கெட்கன்ட்ரோல் மூலம் லேபிளைப் பிடித்து அதன் மாடல் புள்ளி லேபிளுக்கு வாசகத்தைக் கொடுத்தால் போதும். இப்போது 1108 என்று அடித்துக் கன்னியைத் தொட்டால் "1932" என்று பக்கத்தில் எழுதிக் காட்டுகிறது. மேடத்தைத் தொட்டால் 1933.

இன்னொரு வரியையும் பிற்பாடு சேர்த்தேன். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1, அது கொல்லம் 1132. அதற்கு மேல் ஓர் ஆண்டு வந்தால் கட்டத்தின் பின்னணி மஞ்சளாகும். மாடல் புள்ளி பேக்கிரவுண்ட்கலருக்கு ஆர்ஜிபி கொண்டு நிறம் கொடுக்கலாம். தடுக்கவில்லை, மஞ்சள் மட்டும்தான். ஏனென்றால் பழக்கம் சட்டத்தைப் பார்த்து நிற்பதில்லை, அதற்குப் பிறகும் கொல்லம் ஆண்டு எழுதிய தாள் வரலாம். இயந்திரம் சந்தேகப்படலாம், முடிவு மனுஷன்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு கட்டம் ஒன்றையொன்று கூப்பிட்டால்

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஆர் கணக்கில் இருக்கும். வருகிறவர் சென்ட்டில்தான் பேசுவார். "பன்னிரண்டரை சென்ட் புரையிடம், சாமி" என்பார், புரையிடம் என்றால் வீட்டு நிலம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, ஆரில் 0.4047. ஆகவே இரண்டு கட்டம் வைத்தேன். சென்ட்டில் 12.5 என்று அடித்தால் ஆரில் 5.06 வர வேண்டும். ஆரில் அடித்தால் சென்ட் வர வேண்டும்.

இதை எழுதி ஓட்டியதும் ரைட்டர் தொங்கிப்போனது. காரணம் எளிது. சென்ட் கட்டம் மாறியதும் என் சப், ஆர் கட்டத்தில் எழுதியது. அப்படி எழுதியதும் ஆர் கட்டத்துக்கு டெக்ஸ்ட் மாடிஃபைடு நிகழ்வு. அது போய்ச் சென்ட்டில் எழுதியது. தசமத்தில் சிறு வித்தியாசம் இருப்பதால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி, இரண்டும் பந்து விளையாட ஆரம்பித்தன. கையால் அடித்ததா, மேக்ரோ எழுதியதா என்று கட்டத்துக்குத் தெரியாது.

மருந்து ஒரு கொடி. மேலே, டயலாக் மாறிக்குப் பக்கத்தில், ஆமா-இல்லை வகையில் இன்னொரு மாறி. இரண்டு சப்பிலும் முதல் வரி: கொடி ஏறியிருந்தால் உடனே வெளியேறு. எழுதப் போகும் முன் கொடியை ஏற்று, எழுதியதும் இறக்கு. அவ்வளவுதான். ஒன்றையொன்று நிரப்பும் கட்டங்கள் எங்கே இருந்தாலும் இது இல்லாமல் ஆகாது.

வால் பற்றியும் ஒரு வார்த்தை. அது புள்ளியை மட்டும்தான் தசமமாக எடுத்துக்கொள்ளும். 1,200 என்று கமா போட்டு அடித்தால் கமாவிலேயே நின்று 1 என்று எடுத்துக்கொள்ளும். கணக்குக்கு முன் ரீப்ளேஸ் கொண்டு கமாவை நீக்கிவிடுங்கள்.

வட்டம் தேர்ந்தால் ஊர் மாற வேண்டும்

குமரி மாவட்டத்தில் வட்டங்கள் (தாலுகா) ஆறு: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டார். அத்தனை வட்டத்து ஊரையும் ஒரே பட்டியலில் போட்டால் தேடுவதற்குள் டீ ஆறிவிடும். வட்டத்தின் ஐட்டம் ஸ்டேட்டஸ் சேஞ்சுடு நிகழ்வில், ஊர்ப் பெட்டியின் மாடல் புள்ளி ஸ்ட்ரிங்ஐட்டம்லிஸ்டுக்குப் புதிய வரிசை ஒன்றைக் கொடுத்தால் பழைய பட்டியல் போய்ப் புதியது வந்துவிடும். தோவாளை என்றால் ஆரல்வாய்மொழியும் பூதப்பாண்டியும், அகஸ்தீஸ்வரம் என்றால் சுசீந்திரமும் என்று செலக்ட் கேஸ் போட்டு எழுதலாம்.

பழைய பத்திரத்தில் எழுதியிருக்கும் வட்டம் இன்றைய வட்டமாக இருக்க வேண்டியதில்லை. கிள்ளியூரும் திருவட்டாரும் பிற்பாடு பிரிந்தவை. அதனால் விளவங்கோட்டையோ கல்குளத்தையோ தேர்ந்தால், கீழே ஒரு லேபிள் "இப்போதைய வட்டத்தைப் பட்டாவில் சரிபார்க்கவும்" என்று சொல்லும். இந்த ஒரு வரி எத்தனை முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது என்று எண்ணவில்லை.

ஓகே எப்போது உயிர் பெற வேண்டும்

ஓகே பட்டனின் எனேபிள்டை ஆரம்பத்தில் நோ என்று வையுங்கள். சரிபார்க்க ஒரே ஒரு சப் எழுதுங்கள்: பெயர் காலியா, பரப்பு பூஜ்யமா, ஊர் தேர்வாகியிருக்கிறதா. எல்லாம் சரி என்றால் மாடல் புள்ளி எனேபிள்டு ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ். மற்ற எல்லா நிகழ்வு சப்களும் கடைசி வரியில் இதைக் கூப்பிட வேண்டும்.

பட்டன் மங்கிக் கிடந்தால் மட்டும் போதாது. ஏன் மங்கியிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு லேபிளில் "இன்னும் வேண்டியது: ஊர்" என்று எழுதுங்கள். என்னிடம் வேலை பழக வந்த தம்பி, மங்கிய பட்டனைப் பத்து முறை அழுத்திவிட்டு "அண்ணே, மவுஸ் போச்சு" என்றான். அந்த லேபிள் அன்றைக்கு வந்தது.

வென் லூசிங் ஃபோகஸ் நிகழ்வில் எம்எஸ்ஜிபாக்ஸ் போட்டு எச்சரிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். விட்டுவிடுங்கள். செய்திப் பெட்டி திறந்ததும் கவனம் அதற்குப் போகும், மூடினால் திரும்பி வரும், ரத்து பட்டனை அழுத்தப் போனால்கூடக் குறுக்கே வந்து நிற்கும். லேபிளும் நிறமும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும்.

தமிழ் அடிக்கிறவர்களுக்கு மட்டும்

டெக்ஸ்ட் மாடிஃபைடு, நாம் எழுத்து என்று நினைக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை வருவதில்லை. யூனிகோடில் "கு" என்பது ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. "குழித்துறை" நமக்கு ஐந்து எழுத்து, நீளம் சொல்லும் லென் கட்டளையைக் கேட்டால் 10 என்று சொல்லும். மேக்ஸிமம் டெக்ஸ்ட் லென்த் என்ற இடத்தில் 10 என்று போட்டுவிட்டு, பெயர் பாதியில் நின்றுவிட்டது என்று கீபோர்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தமிழ்க் கட்டங்களில் அதை 0 என்று விடுங்கள், எல்லை இல்லை என்று அர்த்தம். அடிக்க அடிக்க ஓடும் சப்பில் கனமான வேலை எதையும் வைக்காதீர்கள். பத்திரத்தைப் புதுப்பிக்கிற வேலை ஓகேக்குப் பிறகுதான்.

பெட்டி பெரிதாகிவிட்டால்

சின்ன மானிட்டரில் அடி பட்டன்கள் திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு உறுப்புக்கும் பேஜ் (ஸ்டெப்) என்று ஒரு ப்ராப்பர்டி உண்டு. விற்பவர் விவரத்துக்கு 1, சொத்துக்கு 2, மூலப்பத்திரத்துக்கு 3 என்று வையுங்கள். 0 என்று விட்டால் எல்லாப் பக்கத்திலும் தெரியும். ஓகே, ரத்து, அந்த எச்சரிக்கை லேபிள் ஆகியவை 0-இல் இருக்கட்டும். அடுத்து என்ற பட்டனின் எக்ஸிக்யூட் ஆக்ஷனில் டயலாகின் மாடல் புள்ளி ஸ்டெப்பை ஒன்று கூட்டினால் பக்கம் மாறும். டயலாகின் ஸ்டெப்பையே 0 என்று விட்டால் மூன்று பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து திருவிழாக் கூட்டம் மாதிரி ஆகிவிடும், ஆரம்பத்தில் 1 என்று வைக்க மறக்க வேண்டாம்.

பத்திரத்தில் எழுதுவது

எக்ஸிக்யூட் 1 என்று திரும்பி வந்ததும், திறந்திருக்கும் கோப்பைக் குறிக்கும் திஸ்காம்பொனன்ட்டின் டெக்ஸ்ட்ஃபீல்டுமாஸ்டர்ஸில் கெட்பைநேம் கொண்டு ஃபீல்டைப் பிடிக்க வேண்டும். முழுப்பெயர் காம்.சன்.ஸ்டார்.டெக்ஸ்ட்.ஃபீல்டுமாஸ்டர்.யூசர் என்று தொடங்கி, புள்ளி வைத்து, நீங்கள் கொடுத்த பெயரில் முடியும். (சன் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறவர்களுக்கு: இந்த மென்பொருளின் மூதாதையான ஸ்டார் ஆபிஸை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. நிறுவனம் போனாலும் பெயர் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, வீட்டை விற்றபிறகும் விளையின் (தோட்ட நிலத்தின்) பெயர் மாறாத மாதிரி.) அதன் கன்டென்ட்டுக்குக் கட்டத்தின் வாசகத்தைக் கொடுத்து, எல்லாம் முடிந்தபிறகு ஒரே ஒரு முறை டெக்ஸ்ட்ஃபீல்ட்ஸ் புள்ளி ரீஃப்ரெஷ். பத்திரம் முழுக்கப் பெயர் மாறிவிடும்.

கோப்பை டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள். டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டில் காலியாக உள்ள ஒரு சாவியை இந்த மேக்ரோவுக்குக் கொடுத்தால் மெனுவில் தேட வேண்டாம். மேக்ரோ ஆர்கனைசரின் லைப்ரரீஸ் பக்கத்தில் எக்ஸ்போர்ட் உண்டு, மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். டயலாகை மை மேக்ரோஸில் வைத்துவிட்டு, மேக்ரோவைக் கோப்புக்குள் வைத்திருப்பவர்கள் டயலாக்லைப்ரரீஸுக்கு முன்னால் குளோபல்ஸ்கோப் என்று சேர்த்தால்தான் பெட்டி கிடைக்கும்.

போன மாதம் பாட்டா மறுபடி வந்தார், இந்த முறை பேரனுக்கு ஏழு சென்ட் எழுதிக் கொடுக்க. மாதத்தைத் தேர்ந்து ஆண்டை அடித்ததும் பக்கத்தில் 1932 தெரிந்தது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தவர், "அத முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா" என்றார், என்னிடமா பெட்டியிடமா தெரியவில்லை.